ஆயத்தமாய்க் காத்திருக்கும் அடுத்தது

கைத்துப்பாக்கியின் புகழெல்லாம் அதன் குழலுக்கும் விசைக்குமே போய்ச் சேருகிறது. கைப்பிடிக்குள், ஒளி எட்டாத இருளில், தோட்டாக்களை வரிசையாய்ச் சுமந்தபடி காத்திருக்கும் மேகசினை யாரும் பாடுவதில்லை. ஆனால் துப்பாக்கியோடே காலம் கழிக்கிறவர்களைக் கேட்டால், போட்டிகளில் சுடுகிறவரானாலும் சரி, படைக்கலக் கொட்டிலைப் பராமரிக்கும் காவலரானாலும் சரி, ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். சுட்டுக்கொண்டிருக்கும் துப்பாக்கி நடுவில் திக்கி நின்றால் அவர்கள் கண் முதலில் போவது மேகசின் பக்கம். முதல் தோட்டாவைச் சுடுவது எளிய செயல். சுடப்பட்டது வெளியேறிய கணத்திலேயே, அதே இடத்தில், அதே கோணத்தில் இரண்டாவது வந்து நிற்பதுதான் அரிய செயல்.

அந்த அருமையைச் சற்றே அருகில் போய்ப் பார்ப்போம். மேகசின் என்பது தகட்டாலான ஒரு சிறு பெட்டி. அதன் அடியில் ஒரு சுருள்வில். வில்லின் தலைமேல் தோட்டாக்களை ஏந்தி நிற்கும் ஒரு தட்டு. மேல்விளிம்பில் உள்நோக்கி வளைந்த இரண்டு உதடுகள். வேறொன்றும் இல்லை. விசையை அழுத்தியதும் தோட்டா வெடிக்கிறது. வெடிப்பின் பின்னுதையில் துப்பாக்கியின் மேற்பகுதி பின்னோக்கி ஓடுகிறது. ஓடும்போதே வெறும் கூட்டை இழுத்து வெளியே எறிகிறது. பின் தன் வில்லின் தள்ளலில் முன்னோக்கித் திரும்புகிறது. திரும்பும் வழியில், உதடுகளுக்கிடையே எழுந்து நிற்கும் புதிய தோட்டாவின் பின்விளிம்பைத் தொட்டுத் தள்ளி, சரிவில் ஏற்றி, அறைக்குள் அடைக்கிறது. கல்யாணப் பந்தியில் ஒருவர் எழுந்ததுமே அடுத்தவர் அந்த இடத்தில் அமர்ந்துவிடுவதைப் போல, இத்தனையும் விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிகிறது.

அந்தச் சிறு வில்லின் மேல் எத்தனை பொறுப்பு! பெட்டி நிறைந்திருக்கும்போது அது இறுக அழுந்திக் கிடக்கிறது. தள்ளும் வலிமை அப்போது அதற்கு மிகுதி. தோட்டாக்கள் ஒவ்வொன்றாய்க் குறையக் குறைய வில் நீள்கிறது, அதன் வலிமை தேய்கிறது. கடைசித் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும்போது அதற்கு மிஞ்சியிருப்பது மிகக் குறைந்த பலம்தான். ஆகவே நல்ல மேகசினின் சோதனை முதல் தோட்டாவில் இல்லை, கடைசித் தோட்டாவில் இருக்கிறது. உதடுகளின் கதையும் இதேதான். அவை இம்மியளவு விரிந்தால் தோட்டா முன்கூட்டியே துள்ளி எழுந்துவிடும். இம்மியளவு குறுகினால் பிடியை விடாது. ஒருமுறை கல்தரையில் விழுந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு துப்பாக்கி முழுவதையும் ஊமையாக்கிவிடும்.

மனிதன் இதைச் செம்மையாக்கப் பட்ட பாடு சிறிதல்ல. 1893-இல் ஹியூகோ போர்ஷார்ட் என்பவர் கைப்பிடிக்குள் செருகி எடுக்கக்கூடிய மேகசினோடு ஒரு கைத்துப்பாக்கியை வடித்தார். அதன்பின் அமெரிக்கப் படைக்காக ஜான் பிரௌனிங் வடித்த துப்பாக்கியை 1911 மார்ச்சில் சோதித்தபோது 6000 தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டும் அது ஒருமுறைகூடத் திக்கவில்லை என்று பதிவாயிற்று. அதன் மேகசினில் அடங்கியவை 7 தோட்டாக்கள். பிரௌனிங் 1926-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற வேலையைப் பெல்ஜியத்தில் டியூடோனே சேவ் முடித்துவைக்க, 1935-இல் 13 தோட்டாக்கள் கொள்ளும் துப்பாக்கி பிறந்தது. இரண்டு வரிசையாய் நெருங்கி நிற்கும் தோட்டாக்கள் மேலே வர வர ஒரே வரிசையாய் ஒடுங்கி, இடித்துக்கொள்ளாமல் முறை மாற்றி எழும் அந்த அமைப்பு ஒரு பெரும் சாதனை. நம் நாட்டில் ஈசாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலை செய்து படையினருக்கும் காவலர்க்கும் தரும் 9 மி.மீ. கைத்துப்பாக்கி அந்த வழியில் வந்ததுதான்.

ஆயினும் கவலை தீர்ந்தபாடில்லை. கைத்துப்பாக்கி வீட்டுப் பொருளாகவே ஆகிவிட்ட அமெரிக்காவில், நம்பகமான மேகசினைத் தேடுவது இன்றும் ஒரு தனித் தவம். துப்பாக்கியைச் செய்தவரே செய்த மேகசினை வாங்கு என்பார்கள் அனுபவசாலிகள். விலை குறைந்த பிறர் சரக்கில் உதட்டின் அளவும் வில்லின் உரமும் பிசகும். வாங்கியதும் ஒவ்வொன்றின் அடித்தட்டிலும் ஓர் எண்ணை எழுதிவை; திக்கல் வந்தால் எது குற்றவாளி என்று தெரியும். புதியதை நம்பிக் கட்டிக்கொள்வதற்கு முன் பலமுறை நிறைத்துச் சுட்டுப் பார். மண்ணும் தூசும் போகத் துடை, ஆனால் உள்ளே எண்ணெய் ஊற்றாதே, எண்ணெய் தூசைப் பிடித்துவைக்கும். மீண்டும் மீண்டும் நிறைந்தும் ஒழிந்தும் வில் தளர்ந்துபோனால் தயங்காமல் மாற்று. இவை நல்ல அறிவுரைகள். நூற்றாண்டுக்கு மேலான அறிவுக்கூர்மையும் உயர்ந்த எஃகும் சேர்ந்து, ஏழோ பதின்மூன்றோ பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாய் மேலே அனுப்பும் ஒரு பெட்டியைச் செய்திருக்கின்றன. அதற்கும் ஓயாத காவல் வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்வது மனிதனின் கைத்திறனைக் குறைத்துப் பேச அல்ல. அடுத்ததை ஆயத்தமாக வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒருமுறை உணர்ந்துகொண்டால்தான், நம் காலடியிலும் கடலடியிலும் நடந்துகொண்டிருப்பதை உரிய பணிவோடு பார்க்கும் கண் நமக்கு வாய்க்கும்.

ஈரமான கல்லுக்கடியில் வாழும் ஒரு வண்டிலிருந்து தொடங்குவோம். குண்டுவீசி வண்டு என்று அதற்குப் பெயர். அதன் குடும்பத்தார் இந்தியாவிலும் உண்டு. விரல்நகத்தை மிஞ்சாத அந்த உடலின் பின்பகுதியில் இரண்டு சுரப்பிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு அறைகள். முதலறையில் ஹைட்ரோகுயினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து அமைதியாய்க் கிடக்கின்றன. இரண்டாமறையின் சுவர் தடித்தது. அங்கே நொதிகள் காத்திருக்கின்றன. எறும்பு கடித்ததும், தவளையின் நாக்கு தொட்டதும், வண்டு முதலறையை அழுத்துகிறது. கலவை இரண்டாமறைக்குள் நுழைந்த கணமே நொதிகள் அதைத் தீண்ட, நீர் கொதிக்கும் வெப்பத்தில், ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில், எரிச்சலூட்டும் பென்சோகுயினோன் பீறிட்டு வெளியே பாய்கிறது. வண்டோ தன் வயிற்றுக்குள் நடந்த அந்த வெடிப்பில் வெந்துபோகாமல், தான் நினைத்த திசைக்கு முனையைத் திருப்பி, குறி தப்பாமல் சுடுகிறது.

வியப்பு அதோடு நிற்கவில்லை. அந்தப் பீற்றல் ஒரே தாரையாய் வருவது நம் கண்ணின் மயக்கம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னரும் அவருடைய தோழர்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் அது விநாடிக்கு ஏறத்தாழ 500 தனித்தனித் துடிப்புகளால் ஆனது என்று காட்டினார்கள். அந்த ஆய்வில் பங்கேற்றவர்களுள் ஒருவர் ஹெரால்ட் எட்ஜர்ட்டன். ஆப்பிளைத் துளைத்து வெளியேறும் துப்பாக்கித் தோட்டாவை அந்தரத்தில் நிறுத்திப் படம்பிடித்துக் காட்டி உலகை வியக்கவைத்தவர் அவர்தான். தோட்டாவின் ஓட்டத்தை நிறுத்திப் பார்த்த அந்தக் கண்கள் கடைசியில் ஒரு வண்டின் பின்முனையை நோக்கித் திரும்பின என்பதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. திரும்ப வேண்டிய இடத்துக்குத்தான் அவை திரும்பின.

ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையே என்ன நடக்கிறது? 2015-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில், உயிருள்ள வண்டின் உள்ளே ஊடுகதிர் பாய்ச்சி அதையும் பார்த்துவிட்டார்கள். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய வாசல். கலவையின் ஒரு துளி உள்ளே போகிறது, வெடிக்கிறது, அந்த வெடிப்பின் அழுத்தமே வாசலை அடைத்துவிடுகிறது. தாரை வெளியேறியதும் அழுத்தம் தணிகிறது. வாசல் தானே திறக்கிறது. அடுத்த துளி நுழைகிறது. யாரும் கதவைத் திறப்பதில்லை, யாரும் மூடுவதுமில்லை. ஒரு சுடுதலின் வேகத்தைக் கொண்டே அடுத்த சுடுதலுக்கு ஆயத்தம் செய்யும் இந்த நுட்பத்தை ஹிராம் மாக்சிம் 1880-களில் எஃகில் வடித்தபோது உலகப் போர்முறையே மாறிப்போயிற்று. கல்லுக்கடியில் இருக்கும் வண்டு அதே நுட்பத்தைக் கொண்டு எந்த நாட்டையும் பிடிக்கவில்லை. தன்னை விழுங்க வந்த வாயைத் திறக்கவைத்து, வந்த வழியே நடந்துபோகிறது. அவ்வளவே அதன் வெற்றி.

கடலுக்குள் இறங்கினால் இன்னொரு விந்தை. சொடுக்கு இறால் என்றும் கைத்துப்பாக்கி இறால் என்றும் சொல்லப்படும் சிற்றுயிருக்கு இரண்டு கொடுக்குகள். ஒன்று சிறியது, மற்றொன்று உடலுக்கே பொருந்தாத பெரியது. பெரிய கொடுக்கை விரித்துப் பூட்டி, படீரென்று மூடும்போது நீர் ஒரு கீற்றாய்ப் பாய்கிறது. அதன் பின்னே ஒரு குமிழி பிறந்து, உடனே உள்நோக்கிச் சரிந்து வெடிக்கிறது. கொடுக்கின் இரண்டு விரல்களும் மோதுவதால் எழுவதென்று நெடுங்காலம் நம்பப்பட்ட அந்தச் சத்தம், குமிழி சாகும் சத்தம்தான் என்று 2000-இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டே, குமிழி சாகும் கணத்தில் ஒரு மின்மினிக் கீற்று ஒளி பிறக்கிறதென்றும், அப்போது அதனுள்ளே வெப்பம் 5000 கெல்வினையும் எட்டுகிறதென்றும் கண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் காது கொடுத்துத் தேடியவர்களை இந்த இறால் கூட்டங்களின் இரைச்சல் திணறடித்தது.

இந்த வெடிச்சத்தம் பலரும் சொல்லும் கதை. எனக்கு அதைவிடப் பெரிதாய்த் தோன்றுவது, சண்டையில் அந்தப் பெரிய கொடுக்கு அறுந்து விழுந்த பிறகு நடப்பது. நாம் எதிர்பார்ப்பது என்ன? போன இடத்தில் பெரிய கொடுக்கு மீண்டும் முளைக்க வேண்டும். முளைக்க நாள் ஆகும். அதுவரை இறால் வெறுங்கையோடு நிற்க வேண்டும். நடப்பது வேறு. மறுபுறத்தில் இத்தனை நாளும் அடக்கமாய் இருந்த சிறிய கொடுக்கு, அடுத்தடுத்துத் தோலுரிக்கும்போது வளர்ந்து, உருமாறி, சொடுக்கும் கொடுக்காகிவிடுகிறது. அறுந்த இடத்தில் முளைப்பதோ சிறிய கொடுக்கு. இடது வலதாகிறது, வலது இடதாகிறது. சிறிய கொடுக்குக்குள் பெரிய கொடுக்கின் முழு வரைபடமும் முன்பே இருந்திருக்கிறது. பெரியது இருக்கும்வரை, அதன் நரம்பு ஓடும்வரை, சிறியது தன்னை அடக்கிக்கொண்டு பொறுமையாய்க் காத்திருந்திருக்கிறது. மூத்தவர் இருக்கும்வரை தன் திறமையை வெளிக்காட்டாமல் வீட்டைத் தாங்கிய எத்தனை பேரை நாம் அவர் காலம் முடிந்தபின்தான் அறிந்துகொண்டோம்!

பற்களைப் பற்றியும் ஒரு சொல். சுறாவின் பற்கள் தாடையில் வேரூன்றியவை அல்ல; ஈறுகளில் பதிந்தவை. முன்வரிசைக்குப் பின்னே வரிசை வரிசையாய்ப் படுத்துக் கிடக்கும் பற்கள், முன்னது விழ விழ நகர்ந்து நிமிர்கின்றன. வாழ்நாள் முழுவதும் அந்த வரவு ஓய்வதில்லை. யானைக்கு அந்தத் தாராளம் இல்லை. தாடையின் ஒவ்வொரு புறத்திலும் அதற்கு வாழ்நாளில் கிடைப்பவை 6 கடைவாய்ப் பற்கள்தான். அவை நம் பற்களைப் போலக் கீழிருந்து எழுவதில்லை. பின்னாலிருந்து முன்னோக்கி ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்ந்து வருகின்றன. முன்னால் இருப்பது புல்லையும் பட்டையையும் அரைத்து அரைத்துத் தேய்ந்து துண்டு துண்டாய் உதிரும்போது, பின்னால் வந்த புதியது அந்த இடத்தில் நிற்கிறது. ஆறாவதும் தேய்ந்துவிட்டால் ஏழாவது இல்லை. முதிய யானை மெல்ல முடியாமல், நீர்நிலையோரத்து மென்புல்லைத் தேடிப் போய், மெலிந்து, அங்கேயே உயிரை விடுகிறது. சுறாவுக்கு எண்ணிறந்தவை, யானைக்கு ஆறு, நமக்கு இரண்டே முறை. யாருக்கு எத்தனை என்று அளந்து நிறைத்த கை எதுவாயினும், அந்த அளவுக்கும் அந்த உயிரின் வாழ்நாளுக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்க்கும்போது வாயடைத்துப்போகிறது.

நம் நெஞ்சுக்குள் கைவைத்துப் பார்த்தாலும் இதே ஒழுங்குதான். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இதயம் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அந்தத் தசை சற்று நேரம் எந்தத் தூண்டலுக்கும் செவிசாய்ப்பதில்லை. அந்தச் சிறு மறுப்பில்தான் நம் உயிர் இருக்கிறது. அது இல்லையேல் துடிப்பின்மேல் துடிப்பு ஏறி, இதயம் இறுகி நின்றுவிடும். ஒன்று முடியாமல் அடுத்தது நுழையக்கூடாது என்ற அந்த ஒழுங்குக்காகத்தான் மேகசினுக்கு உதடுகள் வைத்தார்கள். நாமோ நம் இதயத்தின் அடுத்த துடிப்பை ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை, வந்ததற்கு நன்றி சொன்னதுமில்லை.

இத்தனைக்கும் பிறகு, நான் வணங்கி நிற்பது மன்னார் வளைகுடாவின் மணலுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு நத்தையின் முன்தான்.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பரந்திருக்கிறது அந்தக் கடற்பூங்கா. பவளத்திட்டுகளின் ஓரத்தில், பகலெல்லாம் மணலுக்குள் மறைந்து, இரவில் மெல்ல நகரும் கூம்புச் சங்குகள் அங்கே பல இனம். ஓடோ ஓவியனுக்குச் சவால். பளிங்குக் கூம்புச் சங்கின் கருப்பு வெள்ளைக் கோலத்தை ரெம்ப்ராண்ட் 1650-இல் செப்புத் தகட்டில் வரைந்து அச்சிட்டார். அந்த அழகுக்குள் வாழ்வது நீந்தத் தெரியாத, ஓடத் தெரியாத, நகரும் வேகம் நமக்குப் பொறுமையைக் கற்பிக்கும் ஓர் உயிர். அதன் இனங்கள் பலவும் புழுக்களை உண்கின்றன. சில பிற நத்தைகளை. சில, நம்புவதற்கே அரிதாக, மீனை.

நத்தை மீனைப் பிடிப்பது எப்படி? மற்ற நத்தைகளின் வாயில் பாசியைச் சுரண்டி எடுக்க ஓர் அரம் உண்டு. நூற்றுக்கணக்கான நுண்பற்கள் பதித்த நாடா அது. கூம்புச் சங்கில் அந்த அரம் கலைந்து, ஒவ்வொரு பல்லும் தனித்தனி ஈட்டியாகிவிட்டது. கைட்டினால் ஆன மெல்லிய ஏடு ஒன்று தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு, உள்ளே துளையுள்ள குழலாகி, நுனியில் கூரும் பக்கத்தில் முள்ளும் கொண்டு நிற்கிறது. மருத்துவரின் ஊசியும் மீனவரின் எறியுளியும் ஒன்றாய்க் கூடிய அந்தப் படைப்பின் நீளம் சில மில்லிமீட்டர்தான்.

இந்தப் பற்களை வைத்திருக்கும் பை இரண்டு கிளைகளாய் வளைந்திருக்கிறது. நீண்ட கிளையில் பற்கள் பிறக்கின்றன: ஒரு முனையில் இன்னும் மென்மையான இளம்பற்கள், அடுத்து சற்றே முதிர்ந்தவை, அதற்கடுத்து உறுதிப்பட்டவை என்று பருவ வரிசையில். முழுதாய் முதிர்ந்தவை குட்டைக் கிளைக்கு வந்து ஆயத்தமாய் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றே ஒன்று மட்டும், தன் முறை வரும்போது, தொண்டை வழியாய் நீளும் தும்பிக்கையின் நுனிக்குச் செல்கிறது. நுனியின் தசை அதை வளையமாய்ப் பற்றிக்கொள்கிறது. பின்னால் நச்சுக்குழாய். ஓட்டைவிடப் பன்மடங்கு நீண்டு சுருண்ட அந்தக் குழாயின் கடைக்கோடியில் வலிய தசைப்பை. மீனின் வாடை நீரில் வந்ததும் தும்பிக்கை ஓசையின்றி நீள்கிறது. தொட்டதும் பிடி தளர்கிறது. அடைபட்டிருந்த அழுத்தம் ஈட்டியைச் செலுத்துகிறது. அதற்கு ஆகும் நேரம் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உயிர்களிலேயே மந்தமானவற்றுள் ஒன்று, உயிருலகின் மிக விரைவான அடிகளுள் ஒன்றை அடித்துவிட்டு, மீண்டும் தன் மந்தத்துக்குத் திரும்புகிறது.

ஒரு பல் ஒருமுறைதான். பயன்பட்டதும் அதன் பணி முடிந்தது. அடுத்த வேட்டைக்கு அடுத்த பல். இங்கே தோட்டாவும் பெட்டியும் வேறுவேறல்ல. பெட்டியே தோட்டாக்களைப் பெற்று, வளர்த்து, முதிரவைத்து, முறைப்படி அனுப்புகிறது. கூலிக்கு நிறைக்க ஆள் இல்லை. தளர்ந்த வில்லை மாற்றக் கடை இல்லை. அடித்தட்டில் எண் எழுதிக் கண்காணிக்க யாரும் இல்லை. ஆனால் இந்த இனம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பசியாறி வந்திருக்கிறது.

ஈட்டியில் ஏறும் நஞ்சோ அதைவிட நுட்பம். ஒவ்வோர் இனத்தின் நஞ்சிலும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு புரதங்கள். ஒவ்வொன்றும் நரம்பின் ஒரு குறிப்பிட்ட வாசலுக்கென்றே செதுக்கிய சாவி. புவிக்கோலக் கூம்புச் சங்கு மீனின் இன்சுலினை ஒத்த ஒரு பொருளையே நீரில் கலந்து, மீனின் இரத்தச் சர்க்கரையைச் சரித்து மயங்கவைக்கிறது என்று 2015-இல் அறியப்பட்டது. வேட்டைக்கு ஒரு நஞ்சும், தன்னைக் காத்துக்கொள்ள வேறொரு நஞ்சும், ஒரே குழாயின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து எடுத்துத் தருகிறது என்றும் அதற்கு முந்தைய ஆண்டில் கண்டார்கள். பசிக்கு ஒன்று, அச்சத்துக்கு ஒன்று. எந்த இடத்தில் எது வேண்டும் என்ற பகுத்தறிவை அந்த மூளையற்ற நரம்புமுடிச்சுகளுக்குள் வைத்தது எது? அறிவியல் அதை இயற்கைத் தேர்வு என்கிறது. பக்தி அதை அருள் என்கிறது. எந்தப் பெயரைச் சொன்னாலும் தலை தாழ்ந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மணிலாவில் பிறந்த ஆய்வாளர் பால்தோமேரோ ஒலிவேரா, வெளிநாட்டிலிருந்து தாய்நாடு திரும்பியபோது ஆய்வுக்குப் போதிய கருவிகள் இல்லாததால், கடற்கரையில் எளிதாய்க் கிடைத்த கூம்புச் சங்குகளைக் கையிலெடுத்தார். பின்பு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வகத்தில், மைக்கேல் மெக்கின்டாஷ் என்ற இளம் மாணவர் ஒரு நச்சுப்பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். 25 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. மீனை மடக்க உருவான அந்தப் பொருள், மனிதத் தண்டுவடத்தில் வலியின் செய்தி நுழையும் வாசலை அடைக்கும் என்று தெரிந்தது. சிகோனோடைடு என்ற மருந்தாக 2004 டிசம்பரில் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் தந்தது. மார்ஃபினும் கைவிட்ட கொடும் வலியில் கிடப்போருக்குத் தண்டுவட நீரில் சொட்டுச் சொட்டாய்ச் செலுத்தப்படும் அது, மார்ஃபினைப் போல அடிமைப்படுத்துவதில்லை.

கொல்வதற்கென்று அடைத்து வைத்த தோட்டா வலி தீர்க்கும் துளியாய் மாறிய வேறொரு கதையை நான் கேட்டதில்லை. நாம் செய்த மேகசின்களிலிருந்து அப்படி ஒன்று ஒருநாளும் வெளிவராது. இந்த நத்தையோ யாரையும் வெல்ல நினைத்ததில்லை. பசித்தபோது ஒன்று, மிதிபட்டபோது ஒன்று, அதற்கு மேல் செலவிட்டதில்லை. தேவைக்கு மேல் ஒன்றையும் வீசாத அந்த அடக்கம், அதன் ஈட்டியின் வேகத்தைவிட என்னை ஆழமாய்த் தொடுகிறது.

ஆகவே ராமேசுவரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆழமற்ற நீரிலோ பாறையிடுக்கிலோ கோலமிட்ட கூம்புச் சங்கு உயிரோடு கிடந்தால் குனிந்து பாருங்கள், கையில் எடுக்காதீர்கள். அகன்ற முனையைப் பிடித்தால் பயமில்லை என்பது தவறு; தும்பிக்கை வளைந்து ஓட்டின் எந்தப் பக்கத்தையும் எட்டும். பையில் போட்டுக்கொண்டாலும் ஈட்டி துணியைத் துளைக்கும். குத்துப்பட்டால் வலி குறைவாய் இருக்கிறதே என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். குத்துப்பட்ட கையையோ காலையோ அசைக்காமல், துணியால் சுற்றிக் கட்டி, அந்த நொடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மூச்சுத் தசைகள் செயலிழக்கும்போது நஞ்சின் வேகம் தணியும்வரை செயற்கை மூச்சு கொடுத்தே உயிரைக் காக்கிறார்கள். கூம்புச் சங்கின் நஞ்சுக்கு இன்றுவரை முறிமருந்து கிடையாது.